அத்தானுக்கு ஓர் அடுப்பு

2024 நவம்பர் 2, சனி

அத்தானுக்குக் கவுன்சிலிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. உங்கள் புகைக்கூட்டிலிருந்து புகை வருவதாக முறைப்பாடு கிடைத்துள்ளது, உங்கள் வீடு புகைக் கட்டுப்பாட்டு வலயத்துக்குள் இருக்கிறது, இது எச்சரிக்கை. அக்கா தொலைபேசியில் வாசித்துக் காட்டினாள். பின்னால் நின்று அத்தான், "காசு குடுத்து வாங்கின விறகு. களவெடுத்ததோ?" என்று கேட்டது என் காதிலும் விழுந்தது.

லண்டனின் பெரும்பகுதி இந்த வலயத்துக்குள்தான். இங்கே விறகு எரிக்க வேண்டுமானால், டெஃப்ரா என்று சொல்லப்படும் சுற்றாடல் அமைச்சின் விலக்குப் பட்டியலில் உள்ள அடுப்பில் எரிக்க வேண்டும். மற்ற அடுப்பிலும் திறந்த கணப்பிலும் அனுமதிக்கப்பட்ட புகையற்ற எரிபொருளை மட்டுமே போடலாம். 2021 சுற்றாடல் சட்டம் வந்தபிறகு, இங்கிலாந்தில் கவுன்சில் நீதிமன்றத்துக்குப் போகாமலே 175 பவுணிலிருந்து 300 பவுண் வரை தண்டம் அறவிடலாம். அத்தானின் அடுப்பு, அந்த வீட்டில் முன்பு இருந்தவர்கள் விட்டுப்போனது. பெயர்த்தகட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லித் தேடினேன். பட்டியலில் இல்லை.

"புது அடுப்பு ஒண்டு பாத்துச் சொல்லு தம்பி" என்கிறார். பார்க்கிறேன் என்றேன்.

நவம்பர் 5, செவ்வாய்

வெயிலைக் கண்டு நாளாகிறது. காற்றும் அசையவில்லை, வானம் சாம்பல் மூடியபடி கிடக்கிறது. இன்று கை ஃபோக்ஸ் இரவு. சுற்றவர வெடியும் சொக்கப்பனையும். பத்து மணிக்குக் குப்பைத்தொட்டியை வெளியே வைக்கப் போனேன், தொண்டை கரகரத்தது. புகை மேலே போகவில்லை, தெருவிலேயே நின்றது.

விறகு அடுப்பு அதிகம் மூட்டப்படுவதும் இப்படிப்பட்ட இரவுகளில்தான். குளிரும் அசையாத காற்றும் சேர்ந்து வரும்போது ஆளுக்கு ஆள் அடுப்பை மூட்டுவார்கள்; அன்றைக்குத்தான் புகைக்கும் போக இடமிராது. இந்த நாட்டின் நுண்துகள் மாசில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு வீட்டு விறகிலிருந்து வருவதாக அரசாங்கக் கணக்கே சொல்கிறது. 2.5 மைக்ரோமீற்றருக்கும் சிறிய துகள்கள் நுரையீரலின் அடி வரை இறங்கி இரத்தத்திலும் கலக்கும்.

நவம்பர் 9, சனி

அத்தானோடு அடுப்புக் கடைக்குப் போனேன். வாசலில் எட்டுக் கிலோவாட் வார்ப்பிரும்பு அடுப்பொன்று எரிந்துகொண்டிருந்தது. அத்தான் அதன் முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றுவிட்டார். கடைக்காரர், "பெரிதாகவே எடுங்கள், சூடு கூடினால் காற்றைக் குறைத்துக்கொள்ளலாம்" என்றார். நகரத்துப் புகையில் பாதி அந்த ஒரு புத்திமதியிலிருந்து வருகிறது என்றே நினைக்கிறேன்.

விறகு சூடேறும்போது அதற்குள்ளிருந்து வாயுக்கள் கிளம்புகின்றன. சுவாலையாக நாம் காண்பது அவை எரிவதைத்தான். எரிவதற்கு நல்ல சூடும் போதிய காற்றும் வேண்டும். காற்றை அடைத்துவிட்டால் விறகு வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். எரிய வழியில்லாமல் அது புகையாகவும் தாராகவும் புகைக்கூட்டில் ஏறும். புகை என்பது எரியாமல் வீணாய்ப் போகும் எரிபொருள். அத்தான் வருடக்கணக்காகச் செய்துவருவது இதைத்தான்: படுக்கப் போகுமுன் அடுப்பு நிறைய விறகை அடைத்து, காற்றுக் கதவை இறுக்கி, விடியும்வரை கனலவிடுவார். காலையில் அறை சூடாக இருக்கும். இரவு முழுவதும் என்ன வெளியே போனது என்று அவர் பார்த்ததில்லை.

புதிய அடுப்புகளின் அமைப்பே வேறு. அடியிலிருந்து வருவது முதற்காற்று. கண்ணாடியின் மேல்விளிம்பிலிருந்து சூடாக இறங்குவது இரண்டாம் காற்று. கண்ணாடியில் கரி படியாமல் காப்பதும் அதுதான். பின்சுவரின் சிறு துளைகளால் மூன்றாம் காற்று நுழைந்து மிச்ச வாயுவையும் எரிக்கிறது. சூடு வெளியே ஓடாமல் உட்சுவரில் வெர்மிகுலைட் பலகை. டெஃப்ரா விலக்குக்காகத் தயாரிக்கும் அடுப்புகளில் காற்றை முழுவதும் அடைக்க முடியாதபடி ஒரு தடுப்பும் வைக்கிறார்கள். இதைச் சொன்னதும் அத்தானின் முகம் சுருங்கியது. "அப்ப இரவு முழுக்க வைக்கேலாதோ?" ஏலாது அத்தான். அந்தத் தடுப்பு ஒன்றுக்காகவே இதற்குக் காசைக் கொடுக்கலாம்.

அளவுக்கு வருவோம். அவர்களின் முன்னறை நாலு மீற்றர் அகலம், நாலரை மீற்றர் நீளம், 2.6 மீற்றர் உயரம். 47 கன மீற்றருக்குச் சற்றுக் குறைவு. அடுப்புக்காரர் வழக்கப்படி 14 ஆல் பிரித்தால் மூன்றரைக் கிலோவாட்டுக்குள் வருகிறது. எட்டுக் கிலோவாட்டை அங்கே வைத்தால் அறை வெந்துபோகும். காற்றை இறுக்காமல் இருக்க முடியாது. ஐந்து கிலோவாட்டைத் தாண்டாவிட்டால் பழைய வீடுகளில் சுவரில் நிரந்தரக் காற்றுத்துவாரம் போடவும் தேவையில்லை. கடையில் 4.9 என்று எழுதிய அடுப்புகள் வரிசையாக நிற்பது அதனால்தான்.

இனி முத்திரைகள். 2022 ஜனவரி 1 முதல் விற்பனைக்கு வரும் புதிய அடுப்புகள் ஈக்கோடிசைன் வரம்புக்குள் நிற்கவேண்டும்: மூடிய அடுப்பென்றால் வெளியேறும் புகையில் கன மீற்றருக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் துகள் இருக்கக்கூடாது. ஆனால் ஈக்கோடிசைன் வேறு, டெஃப்ரா விலக்கு வேறு. நகரத்துக்குள் இரண்டும் வேண்டும். கிளியர்ஸ்கைஸ் என்ற தரமுத்திரையில் மூன்றாம் படியிலிருந்து மேலே இரண்டும் சேர்ந்தே இருக்கும். ஐந்தாம் படி, ஈக்கோடிசைன் வரம்பைவிட 30 சதவீதம் வரை சுத்தமானது. ஐந்தாம் படிக்குக் கீழே பார்க்கவேண்டாம் என்று அத்தானிடம் சொல்லிவிட்டேன். நிலக்கரிக்கும் விறகுக்கும் பொதுவான அடுப்புகளும் இருக்கின்றன. விறகு மட்டும் எரிப்பவருக்கு அவை தேவையில்லை. விறகு தட்டையான சாம்பல் படுக்கையில்தான் நன்றாக எரியும்.

நவம்பர் 13, புதன்

வேலை முடிந்து அக்கா வீட்டுக்குப் போனேன், ஈரமானி ஒன்று வாங்கிக்கொண்டு. அத்தானின் விறகு, மரம் வெட்டும் ஒருவர் வாகனத்தில் கொண்டுவந்து கொட்டுவது. வெளியே தொட்டால் காய்ந்த மாதிரித்தான் இருக்கிறது. ஒரு கட்டையைப் பிளந்து உள்முகத்தில் ஊசியைக் குத்தினேன்: 31 சதவீதம். அதாவது விறகின் எடையில் கணிசமான பங்கு தண்ணீர். அதைக் கொதிக்கவைத்து ஆவியாக்கி முடிக்கும்வரை தீ சூடேறாது, சூடேறாத தீயின் வாயு எரியாது. எந்த விலைக்கு வாங்கிய அடுப்பானாலும் இந்த விறகைப் போட்டால் புகைக்கும்.

2021 மே 1 முதல் இங்கிலாந்தில் இரண்டு கன மீற்றருக்குக் குறைவாக விற்கும் விறகின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. மூட்டையில் 'ரெடி டு பேர்ன்' முத்திரை இருக்கவேண்டும். மொத்தமாக வாங்குபவர் தானே காயவைக்க வேண்டும், இரண்டு வருடமாவது, கூரைக்குக் கீழே, பக்கங்களால் காற்றோட.

"ஊரில பச்சை மட்டையும் எரிச்சனாங்கள்தானே" என்றார் அத்தான். எரித்தோம். ஊமலும் கங்குமட்டையும் பொச்சும் எரித்தோம். குசினிக்குள் அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு ஊதியதையும் கண்டோம். அம்மாவின் இருமல் கடைசிவரை நிற்கவில்லை. வீட்டுப் புகையால் உலகில் வருடத்துக்கு ஏறக்குறைய முப்பது லட்சம் பேர் சாகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களுக்கு வேறு அடுப்பு இல்லை. எங்களுக்கு இருக்கிறது.

நவம்பர் 16, சனி

அடுப்புப் பொருத்துநர்களைப் பதிவுசெய்யும் ஹெட்டாஸ் அமைப்பில் பதிவுபெற்ற ஒருவர் வந்து பார்த்தார். பதிவுபெற்றவர் செய்தால் கட்டட விதிப்படியான சான்றிதழை அவரே தருவார். இல்லாவிட்டால் கவுன்சிலின் கட்டடப் பிரிவுக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். புகைக்கூட்டுக்குள் துருப்பிடிக்காத உருக்குக் குழாய் இறக்கவேண்டும், விலக்குப் பெற்ற அடுப்பென்பதால் 125 மில்லிமீற்றர் போதும் என்றார். அடுப்புக்கு முன்னால் கல்தளம் 225 மில்லிமீற்றராவது நீளவேண்டும். கார்பன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி அறையில் கட்டாயம். எல்லாம் சேர்த்து மூவாயிரம் பவுணைத் தாண்டும்.

நவம்பர் 17, ஞாயிறு

முறைப்பாடு கொடுத்தது இடப்பக்கத்து வீட்டுக்காரராகத்தான் இருக்கும் என்று அத்தானுக்குச் சந்தேகம். அக்கா பலகாரத்தோடு அங்கே போனாள், என்னையும் கூட்டிக்கொண்டு. எழுபத்தொன்பது வயது, ஓய்வுபெற்ற பஸ் சாரதி, தனியாக இருக்கிறார். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். பக்கத்தில் ஒட்சிசன் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. முறைப்பாடு தான்தான் கொடுத்ததாக அவரே சொன்னார். முகத்துக்கு நேரே சொல்லத் தயங்கினாராம். "உங்கள் கணவர் நல்ல மனிதர். ஆனால் இரவில் யன்னலைத் திறக்க முடியவில்லை."

அக்கா திரும்பி வந்து அத்தானோடு ஒன்றும் கதைக்கவில்லை. சமையலறைக்குள் போய்விட்டாள்.

நவம்பர் 21, வியாழன்

நல்ல குளிர். அத்தான் அடுப்பை மூட்டவில்லை, அக்கா சொன்னாள்.

இன்றிரவு உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிப் பார்த்தேன். இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அதிகாரி கிறிஸ் விட்டி, 2022ஆம் ஆண்டு அறிக்கையில் வெப்பமூட்டும் முறைகளை ஒப்பிட்டுக் காட்டியிருக்கிறார். அதன்படி, ஈக்கோடிசைன் அடுப்பில் காய்ந்த விறகை எரித்தாலும் காஸ் கொதிகலனைப் போல் ஏறக்குறைய 450 மடங்கு நுண்துகள் வெளியாகிறது. சோதனைச்சாலையில் அளவான கட்டையும் தேர்ந்த கையும் சேர்ந்து எடுக்கும் புள்ளி, வீட்டில் எடுபடாது என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்குள்ளும் பாதுகாப்பில்லை. ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தார் 2020இல் வெளியிட்ட ஆய்வில், விறகு போட அடுப்பின் கதவைத் திறக்கும்போதெல்லாம் துகள்கள் அறைக்குள் பாய்வது தெரிந்தது; அவர்கள் அளந்தவை டெஃப்ரா அனுமதி பெற்ற அடுப்புகள்.

செலவிலும் இலாபமில்லை. 2024இன் இந்தக் கடைசிக் காலாண்டில் காஸ் ஓர் அலகு, அதாவது ஒரு கிலோவாட் மணி, 6.24 பென்ஸ்; கொதிகலனின் இழப்பைச் சேர்த்தால் 7 பென்ஸ். காய்ந்த விறகு ஒரு கிலோவில் நாலு கிலோவாட் மணி இருக்கிறது, நல்ல அடுப்பில் மூன்று அறைக்குக் கிடைக்கும். பத்துக் கிலோ மூட்டை இங்கே 8 பவுண். அலகுக்கு ஏறக்குறைய 27 பென்ஸ் வருகிறது. மொத்தமாக வாங்கினால் குறையும், காஸுக்குக் கிட்ட வராது.

அத்தானைக் கூப்பிட்டு, "அடுப்பு வேண்டாம் அத்தான், அந்தக் காசில மேற்கூரைக்கும் யன்னலுக்கும் வெப்பக்காப்புப் போடுவம்" என்றேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். "எனக்கு இந்த நாட்டில பிடிச்சது அந்த நெருப்பு ஒண்டுதான் தம்பி" என்றார்.

டிசம்பர் 5, வியாழன்

1952இல் இதே நாள் தொடங்கி ஐந்து நாள் லண்டனைப் புகைமூட்டம் மூடியது. குளிருக்கு எல்லா வீட்டிலும் நிலக்கரி எரிந்தது, காற்று அசையவில்லை. சட்லர்ஸ் வெல்ஸ் அரங்குக்குள் புகை புகுந்து இசைநாடகத்தை இடையில் நிறுத்தினார்கள். அப்போது கணக்கிட்ட மேலதிகச் சாவு 4,000. பிற்கால ஆய்வாளர்கள் 12,000 வரை சொல்கிறார்கள். சேர் ஹியூ பீவர் தலைமையில் குழு அமைத்தார்கள். அரசு இழுத்தடித்தபோது ஜெரால்ட் நபாரோ என்ற பாராளுமன்ற உறுப்பினர் தனிநபர் மசோதா கொண்டுவந்து நெருக்கினார். 1956இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. புகைக் கட்டுப்பாட்டு வலயங்கள் அந்தச் சட்டத்தின் பிள்ளைகள்.

அத்தானுக்கு வந்த கடிதத்துக்குப் பின்னால் அத்தனை சாவு இருக்கிறது. இதை அவருக்குச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரருக்கு அப்போது ஏழு வயது. தாய் வாயில் துணியைக் கட்டிவிட்டதும், கொண்டக்டர் விளக்கோடு பஸ்ஸுக்கு முன்னால் நடந்ததும் அவருக்கு நினைவிருக்கிறதாம். அத்தான் அதை அவரிடமே கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். இருவரும் கதைக்கத் தொடங்கியிருப்பது எனக்குப் புதிய செய்தி.

டிசம்பர் 8, ஞாயிறு

அத்தான் நெருப்பை முழுதாக விடமாட்டார். பழைய அடுப்பைக் கழற்றிவிட்டு நாலு கிலோவாட் அடுப்பொன்றைப் பதிவுசெய்திருக்கிறோம்: விறகு மட்டும், டெஃப்ரா பட்டியலில் மாதிரிப் பெயரோடு உள்ளது, கிளியர்ஸ்கைஸ் ஐந்தாம் படி. மரம் வெட்டுபவரின் விறகு பின்வளவில் கூரைக்குக் கீழே போயிருக்கிறது. 20 சதவீதத்துக்கு இறங்கும்வரை தொடுவதில்லை. பெரிய கட்டை அடியில், சுள்ளி மேலே, தீ மேலிருந்து கீழே: மூட்டும்போதே புகை குறையும் இந்த முறையைப் பழக்கிவிட்டேன். காற்றில்லாத இரவிலும், பக்கத்து வீட்டுக்காரர் முடியாமல் கிடக்கும் நாளிலும் அடுப்பு இல்லை. இதை அத்தானே அவரிடம் போய்ச் சொன்னார். வருடத்துக்கு இரண்டு தரம் புகைக்கூடு துப்புரவு.

எங்கள் வீட்டுக்கும் ஒன்று பொருத்துவோமா என்று மனைவி கேட்டாள். வேண்டாம் என்றேன். காஸோ ஹீட் பம்போ இருக்கும் நகரத்து வீட்டுக்குப் புதிதாக விறகு அடுப்பு தேவையில்லை. ஏற்கெனவே எரிப்பவர், விடமுடியாதென்றால், பழைய அடுப்பை இந்தக் குளிர்காலத்திலேயே மாற்றட்டும். மாற்றும்போது அறைக்குப் போதுமான மிகச் சிறியதை எடுக்கட்டும்.