முறியட்டும் பாலம்

ஒன்ராறியோவில் உறுதியான, நிலையான கட்டமைப்புகள் பற்றிய பாடம் மூன்றாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. ஐந்தாம் வகுப்பில் அவற்றின் மீது தொழிற்படும் விசைகள் வருகின்றன. பிள்ளைகள் குச்சியும் பசையும் கொண்டு பாலம் கட்டி, சுமை ஏற்றிப் பார்க்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்பில்தான், அதுவும் கரும்பலகைக் கணக்காக, நான் விசைகளின் சமநிலையைச் சந்தித்தேன். என் மகளுக்கு அது சின்ன வயதிலேயே கைப்பழக்கமாகியிருப்பதை கனடா எமக்குத் தந்த கொடையாகவே கருதுகிறேன்.

சமைக்காத ஸ்பகெட்டியும் இதற்குப் போதும். பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஒகனகன் கல்லூரி 1983இல் ஸ்பகெட்டிப் பாலப் போட்டியைத் தொடங்கியது. ஒரு கிலோவுக்கு மேற்படாத பாலம் 400 கிலோவுக்கு மேல் தாங்கிய வரலாறு அங்கே உண்டு.

எங்கள் வீட்டில் இரண்டு கதிரைகளுக்கு நடுவே மகள் கட்டிய பாலம். அதில் ஒரு வாளியைத் தொங்கவிட்டு, சுண்டு சுண்டாக அரிசி போட்டோம். மேல்வரிசையில் நீளமான குச்சியொன்று பக்கவாட்டில் வில்லாக வளைந்தது, பிறகுதான் முறிந்தது. “அப்பா, உடையமுதல் வளைஞ்சது, கண்டனீங்களோ?” என்றாள்.

அவள் கண்டது பெரிய உண்மை. இழுபடும் குச்சி நேராக நின்று தாங்கும். இரு முனையிலும் நெருக்கப்படும் மெல்லிய குச்சியோ, நசுங்குவதற்கு முன்பே வளைந்து தோற்றுவிடும். அதன் நீளத்தைப் பாதியாக்கினால் நான்கு மடங்கு சுமை தாங்கும் என்பது 18ஆம் நூற்றாண்டில் கணித மேதை ஒயிலர் கண்ட கணக்கு. மகள் மறுபடி கட்டியபோது அந்தக் குச்சியின் நடுவை முக்கோணங்களால் பிணைத்தாள். சதுரத்தைத் தள்ளினால் சரிந்துவிடும். முக்கோணம், ஏதாவதொரு பக்கம் நீளவோ குறுகவோ செய்யாமல் உருமாறாது. அடுத்த முறை வாளி நிறைந்தும் பாலம் நின்றது.

கனடா இந்தப் பாடத்துக்குப் பெருவிலை கொடுத்த நாடு. 1907 ஓகஸ்ட் 29 அன்று, கட்டி முடியாத கியூபெக் பாலம் சென் லோரன்ஸ் ஆற்றில் விழுந்து 75 தொழிலாளர்கள் மாண்டார்கள். அவர்களுள் பலர் கானவாகேயைச் சேர்ந்த மோஹாக் பழங்குடி மக்கள். பாலத்தின் நீளத்தைக் கூட்டியவர்கள் அதன் சொந்த எடையைச் சரிவர மறுபடி கணக்கிடவில்லை. நெருக்கத்தைத் தாங்க வேண்டிய அடி உறுப்புகள் வளையத் தொடங்கியதை அங்கிருந்தவர்கள் முன்னரே கண்டிருந்தார்கள், வேலை நிறுத்தப்படவில்லை. வளைவைக் கண்டதும் நிறுத்தி யோசிக்கும் பழக்கம் எவ்வளவு பெறுமதியானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

எங்கள் தமிழ்ப் பெற்றோரிடம் நான் கேட்பது இதுதான். பௌதிகத்தைப் பல்கலைக்கழக அனுமதிக்கான புள்ளியாக மட்டும் பார்க்காதீர்கள். பிள்ளையின் பாலத்தை நீங்கள் திருத்திக் கொடுக்காதீர்கள், அது முறியட்டும். பக்கத்தில் இருந்து, “எந்தக் குச்சி முதலில் போனது? ஏன்?” என்று மட்டும் கேளுங்கள். விடையை அவர்களே கட்டிக் காட்டுவார்கள்.