பேரேடு சொன்ன சாட்சி

நாவல் எழுதுகிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. வில்லனை மலைபோல் வளர்த்து விடுவோம். பிறகு அவனை வீழ்த்த வழி தெரியாமல் திண்டாடுவோம். கடைசியில் ஒரு மழை இரவு, ஒரு மாடிப்படி, ஒரு துப்பாக்கி, இந்த மூன்றும் வந்து கைகொடுக்கும். சரித்திரத்துக்கு இத்தகைய அவசரம் கிடையாது. சிகாகோ நகரை ஆட்டிவைத்த அல் கபோனின் வீழ்ச்சியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த எண்ணந்தான் வருகிறது.

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு அமலில் இருந்தது. சட்டம் வந்ததும் குடி போய்விடவில்லை. ஊற்றிக் கொடுக்கிற கைதான் மாறிற்று. சிகாகோவில் அந்தக் கைக்குச் சொந்தக்காரன் கபோன். கள்ளச் சாராயம், சூதாட்டம், விபசாரம் எல்லாவற்றிலும் அவனுக்குப் பங்கு. அவன் பணம் போலீஸிலும் பாய்ந்தது, அரசியலிலும் பாய்ந்தது. 1929 பிப்ரவரி 14ஆம் தேதி, ஒரு மோட்டார்க் கொட்டகையில் ஏழு பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுத் தள்ளினார்கள். கபோன் அன்று ஃபுளோரிடாவில் இருந்தான். ஊரே அவன் பெயரைச் சொல்லிற்று. கோர்ட்டில் வந்து சொல்லத்தான் ஒருவரும் இல்லை.

ஜனங்கள் எல்லாரும் அவனை வெறுத்தார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். 1930இல் வேலையிழந்து தவித்தவர்களுக்கு இலவசமாகச் சூப்பு வழங்கும் கூடம் ஒன்றைத் திறந்தான். பசித்தவன் கஞ்சி ஊற்றுகிறவனின் ஜாதகத்தையா பார்ப்பான்?

அவன் பெயரில் பாங்கிக் கணக்கு இல்லை. வருமான வரி செலுத்திய வழக்கமும் இல்லை. ஆனால் சட்ட விரோதமான சம்பாத்தியத்துக்கும் வரி உண்டு என்று 1927இல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்திருந்தது. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு புறப்பட்டார், வரி இலாகாவின் புலனாய்வு அதிகாரி பிராங்க் வில்சன். கபோனின் ஓட்டல் செலவு, துணிமணிச் செலவு என்று ரசீது ரசீதாகச் சேர்த்தார். 1926இல் ஒரு சூதாட்ட விடுதியில் கைப்பற்றிய பேரேடுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தன. அவை வில்சன் கண்ணில் பட்டன. லாபம் யார் யாருக்கு எவ்வளவு என்று பங்கு பிரித்து எழுதியிருந்தது. எழுதியது யார்? கையெழுத்துகளை ஒப்பிட்டு ஒப்பிட்டு, லெஸ்லி ஷம்வே என்ற காசாளரை மயாமியில் கண்டுபிடித்தார்கள்.

1931 அக்டோபரில் விசாரணை. ஜூரிகளை விலைக்கு வாங்க முயற்சி நடப்பதாகத் தகவல் எட்டியதும், நீதிபதி வில்கர்சன் வேறொரு கோர்ட்டின் ஜூரிப் பட்டியலைக் கடைசி நேரத்தில் மாற்றிக்கொண்டார். ஷம்வே கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னார். தீர்ப்பு: 11 ஆண்டு சிறை, 50,000 டாலர் அபராதம். 1934இல் அல்காட்ராஸ் தீவுச் சிறை, 1939இல் நோயாளியாக விடுதலை, 1947இல் மரணம்.

சினிமாக்காரர்கள் இந்தக் கதையின் நாயகனாக எலியட் நெஸ்ஸைத் தேர்ந்தெடுத்தார்கள். சாராய ஆலைகளை உடைத்து நொறுக்கிய தீரர் அவர்; குறை சொல்வதற்கில்லை. நான் எழுதினால் ஷம்வேயைத்தான் தேர்ந்தெடுப்பேன். சம்பளத்துக்குக் கணக்கு எழுதிய மனிதர். பேசினால் உயிருக்கு ஆபத்து என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் கூண்டில் ஏறினார்.

இவ்வளவும் நடந்த பிறகும் மனம் நிறையவில்லை. கொட்டகையில் விழுந்த ஏழு பேருக்காக எந்தக் கோர்ட்டிலும் ஒருவரும் தண்டனை அடையவில்லை. கபோன் சிறை போனது கட்டாத வரிக்காக. சிந்திய ரத்தத்துக்காக அல்ல. சட்டத்தைக் குறை கூறி என்ன பயன்? அதற்குச் சாட்சி வேண்டும். பெரிய நகரம், லட்சக்கணக்கான வாய்கள். அவன் சாராயத்தைக் குடிக்க அவை திறந்தன. அவன் பெயரைச் சொல்ல மட்டும் மூடிக்கொண்டன. அதனால்தான் ஒரு பழைய பேரேட்டைத் தூசி தட்டிப் பேசவைக்க வேண்டியிருந்தது.