தேளுக்கு என்ன டென்ஷன்?

நாய் வளர்ப்பவர்களை உங்களுக்குத் தெரியும். பூனை, கிளி, தங்கமீன் வளர்ப்பவர்களையும் தெரியும். தேள் வளர்ப்பவரைத் தெரியுமா? முகத்தைச் சுளிக்காதீர்கள். அமெரிக்காவில் இது பல வருடங்களாக நடக்கிற சமாசாரம். பெட் ஷாப்பில் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, விலைச்சீட்டு ஒட்டி விற்கிறார்கள். குரைக்காது, முடி கொட்டாது, வாக்கிங் கூட்டிப்போக வேண்டாம். வாரத்துக்கு ஒன்றிரண்டு சுவர்க்கோழிப் பூச்சி போட்டால் போதும்.

இப்படி வளர்க்கப்படுகிறவற்றில் பிரபலமான ஒன்று, அரிசோனா பாலைவனத்து முடித்தேள். ஹட்ரூரஸ் அரிசோனென்சிஸ் என்பது விஞ்ஞானப் பெயர். வட அமெரிக்காவிலேயே பெரிய தேள் இதுதான்; 14 சென்டிமீட்டர் வரை வளரும். ஆளைப் பார்த்தால் கதிகலங்கும். ஆனால் விஷம் பெரும்பாலும் தேனீ கொட்டுகிற அளவுதான். அலர்ஜி உள்ளவர்களுக்கு மட்டும் ஆபத்து.

ஆபீஸ் கிடையாது, இ.எம்.ஐ. கிடையாது, மாமியார் கிடையாது. இந்த ஜந்துவுக்கு என்ன டென்ஷன் இருக்க முடியும் என்றுதானே கேட்கிறீர்கள்? நானும் அப்படித்தான் கேட்டேன், ஃபீனிக்ஸ் நகரில் ஒரு நண்பர் வீட்டில் நாலு நாள் தங்கியபோது.

நண்பரின் மகன் ப்ளஸ் ஒன் வயசுப் பையன். என்னைத் தனியாக அழைத்துப்போய்க் காட்டினான். "அங்கிள், மூணு வாரமா சாப்பிடவே இல்ல. ராத்திரி பகலா கண்ணாடியைச் சுரண்டிக்கிட்டே இருக்கு. செத்துடுமா?"

பையனின் பாசத்தில் ஒரு குறையும் இல்லை. பெரிய கண்ணாடித் தொட்டி. அதில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு அழகான வெள்ளை மணல். பளிச்சென்று விளக்கு. குளிரக்கூடாது என்று தொட்டிக்கு அடியில் மின்சார ஹீட்டர் பாய். எல்லோரும் பார்க்கட்டும் என்று ஹாலில், ஹோம் தியேட்டர் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இடம். புற ஊதா விளக்கில் தேளின் உடம்பு பச்சையாக ஒளிரும் என்பதால், வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் ராத்திரி ஷோ வேறு.

அந்தச் சனிக்கிழமை அப்பா, மகன், நான் மூவருமாக உட்கார்ந்து, வருஷக்கணக்கில் தேள் வளர்த்தவர்கள் எழுதியதையும் விஞ்ஞானிகள் எழுதியதையும் தேடிப் படித்தோம். படிக்கப் படிக்கப் பையனின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

முதலில் வீடு. இந்தத் தேள் பாலைவனத்தில் இரண்டு மீட்டர் ஆழம் வரைகூட வளை தோண்டும். மேலே தரை தோசைக்கல்லாகக் கொதிக்கும்போது, உள்ளே குளுமையாக உட்கார்ந்திருக்கும். உடம்பு இரண்டு பக்கமும் மண்ணில் உரச வேண்டும். அப்போதுதான் அதற்கு நிம்மதி. நமக்கு விசாலமான ஹால் என்றால் சந்தோஷம். அதற்கோ அது நடுத்தெருவில் நிற்பது மாதிரி.

சரி, அதுவே தோண்டிக்கொள்ளட்டுமே என்றால், வெறும் மணலில் வளை நிற்காது, சரிந்துவிடும். மணலோடு களிமண் கலந்து, ஈரப்படுத்தி, ஒரு சாண் உயரத்துக்கு அழுத்தி நிரப்பி, நன்றாகக் காயவிட வேண்டும். விரலால் ஒரு ஓரத்தில் ஆரம்பம் மட்டும் செய்துகொடுத்தால் போதும், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும்.

அடுத்தது சூடு. பாலைவனத்தில் வெயில் மேலேயிருந்து வருகிறது. சுட்டால் தேள் கீழே தோண்டித் தப்பிக்கிறது. தொட்டிக்கு அடியில் ஹீட்டரை வைத்தால்? தப்பிக்கத் தோண்டத் தோண்ட அடுப்பை நோக்கித்தான் போகும். ஹீட்டர் வேண்டுமானால் பக்கவாட்டுச் சுவரில், ஒரு மூலையில் மட்டும். மறு மூலை ஆறியே இருக்க வேண்டும். சூடா, குளிர்ச்சியா என்பதை அது முடிவு செய்துகொள்ளும்.

ஸ்பீக்கர் விஷயம்தான் எனக்கு ஆச்சரியம். கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்து மணல்தேள்களை ஆராய்ந்த ஃபிலிப் பிரவுனெல் என்ற விஞ்ஞானி, 1977-ல் ஒன்றைக் காட்டினார். இரை நகரும்போது மணலில் பரவும் அதிர்வைக் கால்களாலேயே உணர்ந்து, அது எந்தத் திசையில் இருக்கிறது என்று தேள் கண்டுபிடித்துவிடுகிறது. எட்டுக் காலிலும் காது வைத்திருக்கிற மாதிரி. இப்படிப்பட்ட பிராணிக்குப் பக்கத்தில் சண்டைப் படம் ஓடினால் எப்படி இருக்கும்? வாஷிங் மெஷின், பலமாகச் சாத்துகிற கதவு, எல்லாம் அதே கதைதான்.

வெளிச்சமும் அதற்கு ஆகாது. இருட்டில் நடமாடுகிற பிராணி அது. புற ஊதா விளக்கை ஒரு நிமிஷம் அடித்துப் பார்த்துவிட்டு அணைத்துவிட வேண்டும். துணைக்கு இன்னொரு தேளைப் போடலாமா என்றால், ஒன்றை ஒன்று தின்றுவிடும். கையில் எடுத்துக் கொஞ்சலாமா? கூடவே கூடாது. கொஞ்சல் என்பது அதன் அகராதியில் இல்லை. தூக்கினால் பிடிபட்டோம் என்றுதான் அர்த்தம்.

நான் பி.காம். படித்தவன். எனக்கு எதுவும் வரவு செலவாகச் சொன்னால்தான் புரியும். தேளின் வரவு ரொம்பக் கம்மி. செலவு அதைவிடக் கம்மி. சில வகைத் தேள்கள் ஒரு வருடம் சாப்பிடாமல்கூட உயிரோடு இருக்கும். அசையாமல் உட்கார்ந்திருப்பதுதான் அவற்றின் பிழைப்பு. கொடுக்கைத் தூக்குவது, ஓடுவது, கண்ணாடியை முட்டுவது எல்லாமே கணக்கில் பற்று. உடம்பிலிருந்து போகிற தண்ணீரும் அதில் சேர்த்தி. நாம் தினமும் பாசத்தோடு தட்டிப் பார்த்தால், அது முதலைத் தின்று திவாலாகிவிடும். தேளின் ஸ்ட்ரெஸ் என்பது இதுதான்.

இன்னொரு விஷயம் பையனைக் கலங்க வைத்தது. இந்த வகையைக் குட்டியிலிருந்து தொட்டியில் வளர்த்து ஆளாக்குவது ரொம்பச் சிரமம். அதனால் கடைக்கு வருபவை பெரும்பாலும் பாலைவனத்தில் ராத்திரி புற ஊதா விளக்கடித்துப் பிடித்து வரப்பட்டவை. அதாவது, தானே தோண்டிக் குடியிருந்த வீட்டைப் பறிகொடுத்து வந்தவை. பதினைந்து வருடம்கூட வாழக்கூடிய பிராணி. "அப்போ நான் அதுக்கு ஒரு வீடு பாக்கி இருக்கேன், இல்ல அங்கிள்?" என்றான். மறுநாளே தொட்டியை அவன் அறையின் இருட்டு மூலைக்கு மாற்றி, மண் குழைக்க ஆரம்பித்துவிட்டான்.

நான் ஊர் திரும்பி ஒரு மாதம் கழித்துப் போன் செய்தான். "வாசல்ல உக்காந்து ஒரு பூச்சியைப் பிடிச்சிடுச்சு அங்கிள். ஆனா பகல்ல கண்ணுலயே படறதில்ல." குரலில் பாதி சந்தோஷம், பாதி ஏக்கம்.

படித்துவிட்டு, நாமும் ஒன்று பிடித்து வளர்க்கலாமே என்று கிளம்பிவிடாதீர்கள். இந்தியச் செந்தேளின் விஷம் இதயத்தைத் தாக்கும். குழந்தைகளின் உயிரைக் குடித்திருக்கிறது. கடையிலும் 'தேள்' என்று பொதுவாகச் சொன்னால் நம்பக்கூடாது. மேற்கு ஆப்பிரிக்கக் காட்டுப் பேரரசுத் தேளுக்கு ஈரம் வேண்டும். அதே ஈரத்தைப் பாலைவனத் தேளுக்குக் கொடுத்தால் பூஞ்சை பிடித்துச் செத்துப்போகும். எந்த ஊர்க்காரர் என்று விசாரிக்காமல் வீடு கட்டிக் கொடுக்க முடியாது.

அந்த முடித்தேள் டென்ஷன் இல்லாமல் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான டெஸ்ட் இருக்கிறது. பகலில் வருகிற விருந்தாளி தொட்டியை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்னங்க, வெறும் மண்ணுதானே இருக்கு?" என்று ஏமாற்றத்தோடு கேட்க வேண்டும். கேட்டால், உள்ளே இருப்பவர் சௌக்கியம்.