பேரனும் நானும் சமைத்த ஸ்டேக்

மெல்பர்னில் மகள் வீட்டில் நலமாக இருக்கிறேன். இங்கே நல்ல குளிர்.

போன வாரம் பேரனுக்குப் பன்னிரண்டாவது பிறந்தநாள். "தாத்தா, ஹோட்டல் வேண்டாம். நாம ரெண்டு பேரும் ஸ்டேக் சமைக்கலாம்" என்றான். ஸ்டேக் என்றால் மாட்டிறைச்சி. எனக்குப் பழக்கமில்லாதது. மகள் என் முகத்தைப் பார்த்தாள். "அதுக்கென்ன, சமைப்போம்" என்றேன்.

அடுப்படி என்பது ஒரு வேதியியல் கூடம்தானே! ஓர் அங்குலக் கனமுள்ள துண்டில் முக்கால் மணி நேரம் முன்பே உப்புத் தடவி வைத்தோம். பிறகு ஈரம் போகத் துடைத்தோம். ஏன் துடைக்க வேண்டும் என்று கேட்டான். ஈரம் இருக்கும்வரை மேற்பரப்பின் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது. கறி வேகுமே தவிரச் சிவக்காது. சுமார் 140 டிகிரிக்கு மேல்தான் புரதமும் சர்க்கரையும் வேகமாக வினைபுரிந்து அந்தப் பழுப்பு நிறமும் மணமும் வரும். பிரான்சின் மயார் 1912இல் எழுதிய வினை இது.

இரும்புச் சட்டி நன்றாகக் காய்ந்ததும் எண்ணெய் விட்டு, பக்கத்துக்கு மூன்று நிமிடம். கடைசியில் வெண்ணெயும் பூண்டும் போட்டு, உருகியதைக் கரண்டியால் மேலே ஊற்றினோம். உள்வெப்பம் 54 டிகிரி வந்ததும் எடுத்துத் தட்டில் வைத்தோம்.

சட்டியடியில் ஒட்டிய பழுப்பைக் கழுவிவிடாதீர்கள். சாஸின் உயிர் அதுதான். பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், ஒன்றிரண்டாக இடித்த மிளகு போட்டு வதக்கி, அரை டம்ளர் எலும்புச் சாறு ஊற்றிச் சுரண்டினால் எல்லாம் கரைந்து வரும். அது பாதியாக வற்றியதும் கொழுப்பு மிகுந்த கிரீம் சேர்த்துச் சிறுதீயில் வைக்க வேண்டும். கொழுப்புக் குறைந்ததென்றால் திரிந்துவிடும். கரண்டியின் பின்புறத்தில் படியும் பதம் வந்ததும் இறக்கிவிடலாம்.

தட்டில் ஊறியிருந்த சாற்றைப் பேரன் காட்டினான். "தாத்தா, மேலே சிவக்க வறுத்தால் சாறு வெளியே வராதுன்னு சொன்னீங்களே?" நான் வகுப்பிலும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். 19ஆம் நூற்றாண்டில் லீபிக் சொன்னது. ஆம், நம் ஆய்வகக் குளிர்விப்பானின் பெயரில் இருக்கும் அதே லீபிக்தான். ஆனால் அது தவறு. சிவந்த மேற்பரப்பு சாற்றை அடைத்து வைப்பதில்லை. சொன்னவர் பெரியவர் என்பதால் தவறு சரியாகிவிடாது.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. நான் சொன்ன வேறொரு தவறு நினைவுக்கு வந்தது.

பல வருடங்களுக்கு முன்பு, மதிய இடைவேளை. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனின் டிபன் பாக்ஸில் மாட்டுக்கறி. மற்ற பிள்ளைகள் புகார் சொன்னார்கள். "நாளையிலிருந்து இதைக் கொண்டு வராதே" என்றேன். அவன் மூடியை மூடினான். பதில் பேசவில்லை. அதற்குப் பிறகு அந்த வருடம் முழுவதும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தனியாக உட்கார்ந்துதான் சாப்பிட்டான். தினமும் பார்த்தேன். ஒருநாளும் கூப்பிடவில்லை. ஒழுங்கைக் காத்ததாகவே நினைத்துக்கொண்டேன்.

பிறந்தநாளன்று நான் ஸ்டேக் சாப்பிடவில்லை. சோறும் ரசமும்தான். ஆனால் பேரன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அவன் தட்டு அவனுக்கு, என் தட்டு எனக்கு. ஒரு சிரமமும் இல்லை. அன்று அந்தப் பையன் பக்கத்தில் என் டிபனை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்திருந்தால் போதும். மற்ற பிள்ளைகள் தானாக வந்திருப்பார்கள்.

தம்பி, உன் பெயரை இங்கே எழுதவில்லை. இதைப் படித்தால் நீதான் என்று உனக்குத் தெரியும். தவறு என்னுடையது. மன்னித்துவிடு. மார்ச்சில் ஊருக்கு வருகிறேன். நீ சம்மதித்தால் உன் வீட்டுக்கு வந்து, உன் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவேளை சாப்பிட ஆசை.

என்றும் அன்புடன்,
உங்கள் வேதியியல் சார்