பெரிய டயர், சின்ன பிரேக்

எங்க ஊர் காவாந்தண்டலம். காஞ்சிபுரத்துக்கும் உத்திரமேரூருக்கும் நடுவுல, செய்யாத்தங்கரை ஊர். உத்திரமேரூர்னு சொன்னாலே எல்லாரும் பராந்தகச் சோழன், குடவோலைக் கல்வெட்டுன்னு ஆரம்பிச்சிடுவாங்க. கவலைப்படாதீங்க, இது வரலாறு இல்ல. எங்க மாமாவோட ஜீப்புக்கு பிரேக் மாத்தின கதை. கொஞ்சம் என் முட்டாள்தனத்தோட கதையும் கூட.

மாமாகிட்ட ஒரு பழைய மஹிந்திரா டீசல் ஜீப் இருக்கு. கழனிக்கு உர மூட்டை ஏத்திட்டுப் போக, மழைக்காலத்துல ஏரிக்கரை மேல போக, யாருக்காவது உடம்பு சரியில்லைன்னா ராத்திரியில ஆஸ்பத்திரிக்கு ஓட, எல்லாத்துக்கும் அதுதான். நான் காலேஜ் சேர்ந்த வருஷம் யூட்யூப்ல சேத்துல பாயற ஜீப்புங்களைப் பாத்துப் பாத்துப் பைத்தியம் பிடிச்சிடுச்சு. மாமாவை ரெண்டு மாசம் நச்சரிச்சு, செகண்ட் ஹேண்ட்ல நாலு பெரிய டயரும் 15 இஞ்ச் ரிம்மும் வாங்க வெச்சேன். பழைய டயர் 28 இஞ்ச் உயரம். புதுசு 31. வண்டி நின்ன அழகே தனி. பஸ் ஸ்டாப்புல பசங்க போன்ல படம் எடுத்தாங்க. எனக்குத் தலைகால் புரியல.

பிரேக்கைப் பத்தி ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசல. நானும் பேசல.

அந்த ஐப்பசி, கார்த்திகையில நல்ல மழை. ஏரி நிரம்பி கலங்கல்ல தண்ணி போயிட்டிருந்தது. முழங்காலுக்குக் கீழதான் தண்ணி. நான்தான் ஓட்டினேன், மாமா பக்கத்துல. "மெதுவா போடா மாப்ள"ன்னு அவர் சொல்ல, நான் கெத்தா தண்ணியைக் கிழிச்சிட்டு அந்தப் பக்கம் ஏறினேன். கரை மேல கொஞ்ச தூரம் போயி, தெருவுக்கு இறங்குற சரிவுல வண்டியை விட்டேன். கீழ ஒரு சின்னப் பொண்ணு நாலு ஆட்டை ஓட்டிக்கிட்டு குறுக்கே போயிட்டிருந்தா.

பிரேக்கை மிதிச்சேன். பெடல் கல்லு மாதிரி நின்னுது, வண்டி நிக்கல. இன்னும் அழுத்தினேன். வண்டி அதுபாட்டுக்குப் போகுது. அந்தப் பொண்ணு திரும்பிப் பாத்து அப்படியே நின்னுட்டா. ஓடணும்னு கூடத் தோணல அவளுக்கு. மாமா ஹேண்ட் பிரேக்கைப் பிடிச்சு இழுத்தார், நான் ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடிச்சேன். வண்டி நேரா நாத்து நட்ட கழனிக்குள்ள இறங்கிப் புதைஞ்சு நின்னுது.

யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. கண்ணை மூடினா அந்தப் பொண்ணு முகம். ஆயா மட்டும் ஒரே வார்த்தை சொன்னாங்க: "ஓடறதுக்குக் காசு போட்டீங்களே, நிக்கறதுக்கு எவன்டா போடுவான்?"

அப்புறம்தான் உக்காந்து படிச்சேன். மெக்கானிக்கல் படிக்கிறவன் முதல்லயே படிச்சிருக்கணும்.

முதல் தப்பு தண்ணி. எங்க ஜீப்புல நாலு சக்கரத்துலயும் டிரம் பிரேக். மூடின டப்பாக்குள்ள ரெண்டு ஷூ, வெளிப்பக்கமா விரிஞ்சு டிரம்மைத் தேய்ச்சு நிறுத்தும். தண்ணிக்குள்ள இறங்கினா டப்பாக்குள்ள தண்ணியும் சேறும் போயிடும், சட்டுனு வெளிய வராது. லைனிங் நனைஞ்சா பிடிப்பு போச்சு. தண்ணியைத் தாண்டினதும் மெதுவா போயிக்கிட்டே பிரேக்கை லேசா மிதிச்சு மிதிச்சுக் காய வைக்கணும். பழைய டிரைவர்ங்க எல்லாருக்கும் இது தெரியும். மாமாவுக்கும் தெரியும், சொல்றதுக்குள்ள நான் இறங்கிட்டேன். அன்னிக்கு ஹேண்ட் பிரேக் பிடிச்சதுக்கும் காரணம் இதுதான். இந்தப் பழைய ஜீப்புல ஹேண்ட் பிரேக் சக்கரத்துல இல்ல, நடுவுல புரொப்பெல்லர் ஷாஃப்ட்டுல தனி டிரம்மா இருக்கு. ஆக்சிலை விட உயரத்துல இருந்ததால அது நனையல.

ரெண்டாவது தப்பு முழுக்க என்னோடது. டயர் 28-லிருந்து 31 இஞ்ச் ஆனா, மையத்துலருந்து தரை 14 இஞ்சுக்குப் பதிலா 15.5 இஞ்ச் தள்ளிப் போகுது. அதே அழுத்தம் மிதிச்சா தரையில கிடைக்கிற நிறுத்தும் விசை ஏறக்குறைய 10 சதவீதம் குறையும். இன்னொண்ணும் இருக்கு. ஸ்பீடாமீட்டர் பழைய டயர் கணக்குலதான் காட்டும். அது 50-ன்னு சொல்லும்போது வண்டி 55-ல போகும். வேகத்தோட வர்க்கத்துக்குத் தக்கபடி இயக்க ஆற்றல் ஏறும்னு ஸ்கூல்லயே படிச்சதுதான், அதனால 21 சதவீதம் கூடுதல் ஆற்றலை நிறுத்தணும். நிறுத்துற சக்தி குறைஞ்சுது, நிறுத்த வேண்டியது கூடிச்சு. டயரோட எடை வேற தனி.

மாமா ஒரு வாரம் ஜீப்பையே தொடல. அப்புறம் அவரே, "முன்னாடி ரெண்டு சக்கரத்துக்கு டிஸ்க் போட்டுடலாம்டா"ன்னார்.

டிஸ்க்ல ஒளிக்க இடமில்லை. சக்கரத்தோட சுத்துற ஒரு தட்டு, அதை ரெண்டு பக்கமும் இறுக்கிப் பிடிக்கிற பேட். தண்ணி பட்டாலும் சுத்துற வேகத்துல தெறிச்சிடும், சூடும் காத்துல சீக்கிரம் ஆறும். ஐடியா ஒண்ணும் புதுசு இல்ல. லான்செஸ்டர்ங்கிற இங்கிலாந்துக்காரர் 1902-லயே காப்புரிமை வாங்கிட்டார். 1953-ல லெ மான் 24 மணி நேரப் பந்தயத்துல டன்லப் டிஸ்க் போட்ட ஜாகுவார் ஜெயிச்ச பிறகுதான் உலகம் திரும்பிப் பாத்துச்சு. நமக்கு இதுல ஒரு பக்கத்து வீட்டுச் சொந்தமும் உண்டு. 1962-ல ஆரம்பிச்ச பிரேக்ஸ் இந்தியா கம்பெனி சென்னை பாடியிலதான் இருக்கு. ஊர்ல எந்த மெக்கானிக் ஷெட்டுக்குப் போனாலும் சுவத்துல 'டிவிஎஸ் கர்லிங்'னு எழுதியிருக்குமே, அது இவங்களோடதுதான்.

மஹிந்திராவோட பின்னாள் வண்டிங்கள்ல வர்ற டிஸ்க், காலிப்பர், அதைப் பிடிக்கிற பிராக்கெட் எல்லாம் செட்டா தேடிப் பிடிச்சோம். நான் நினைச்சது, பழசைக் கழட்டு, புதுசை மாட்டு, ஒரு ஞாயித்துக்கிழமை வேலைன்னு. நாலு ஞாயிறு ஆச்சு.

முதல் ஞாயிறே அடி. காலிப்பரை மாட்டிட்டு என் ஆசை டயரை மாட்டினா, 15 இஞ்ச் ரிம்முக்குள்ள காலிப்பர் இடிக்குது. சக்கரம் சுத்தவே இல்ல. கொட்டகையில கிடந்த பழைய 16 இஞ்ச் ரிம்மை மாட்டிப் பாத்தோம், அம்சமா உக்காந்துச்சு. மாமா என்னைப் பாத்தார். நான் தரையைப் பாத்தேன். "டயரை வித்துடலாம் மாமா"ன்னு நானே சொன்னேன். மனசு கேக்கல, ஆனா சொன்னேன்.

சட்டமும் அதைத்தான் சொல்லுது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த விவரத்துலருந்து மாறுற மாதிரி வண்டியை இஷ்டத்துக்கு மாத்தக்கூடாது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி பண்ணிடுச்சு. அதே வருஷம் வந்த சட்டத் திருத்தத்துல, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லைன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில். எதைத் தொடுறதுக்கு முன்னாடியும் ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேட்டுக்கிறது நல்லது. நான் டயர் விஷயத்துல கேக்கல. பிரேக்குக்கு மாமா முதல்லயே போய்க் கேட்டுட்டு வந்தார்.

ரெண்டாவது ஞாயிறு, வண்டியை எடுத்தா பெடல் இரும்பா இருக்கு. டிரம்முல ஒரு சவுகரியம், சக்கரம் சுத்துற வேகமே ஒரு ஷூவை இன்னும் உள்ள இழுத்து இறுக்கும். டிஸ்க்ல அந்த உதவி கிடையாது, காலோட பலம்தான். அதனால பூஸ்டர் வேணும். பெட்ரோல் வண்டியா இருந்தா இன்ஜின் உறிஞ்சற வேக்குவம் போதும். டீசல்ல அது கிடைக்காது. பின்னாடி வேக்குவம் பம்ப் வெச்ச ஆல்டர்னேட்டர் தேடி மாட்டினோம். கூடவே இன்னொரு பாடம்: இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு சரிவுல வண்டியை உருட்டினா, ரெண்டு மூணு மிதிக்கு மேல பூஸ்டர் உதவி இருக்காது.

மூணாவது ஞாயிறு, முன் சக்கரம் ரெண்டும் காயுது. கருகுற வாசனை. உத்திரமேரூர்ல இருக்கிற மெக்கானிக் அண்ணன் வந்து பாத்து சிரிச்சார். டிரம்முக்கான பழைய மாஸ்டர் சிலிண்டர்ல, லைன்ல கொஞ்சம் அழுத்தத்தை நிறுத்தி வைக்கிற ஒரு சின்ன வால்வு உண்டு. டிரம்முக்கு அது நல்லது, டிஸ்க்குக்கு ஆகாது. பேட் தட்டை விடாம உரசிக்கிட்டே இருக்கும். அது போக, எங்களது ஒத்தை லைன். எங்கயாவது ஒரு ஹோஸ் கிழிஞ்சா நாலு சக்கரமும் போச்சு. டிஸ்க், டிரம் ரெண்டுக்கும் சேர்ந்த டேன்டம் சிலிண்டர் மாத்தினார். இப்போ முன்னாடி ஒரு லைன், பின்னாடி ஒரு லைன். ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கும்.

பழைய பிரேக் ஆயில் டீத்தூள் தண்ணி கலர்ல வந்துச்சு. பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதுசுல குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது, ஈரம் சேர்ந்தா அந்த அளவு 155 டிகிரிக்கு இறங்கிடும். கொதிச்சா லைன்ல ஆவிக்குமிழ், பெடல் பொதபொதன்னு உள்ள போகும். மலையில ஜீப் இறக்குறவங்க லோ கியர்ல இன்ஜினாலயே வண்டியைப் பிடிச்சு, பிரேக்கை அப்பப்ப மட்டும் தொடுறது இதனாலதான். ஆயில் ஊத்தி, தூரத்துல இருக்கிற பின் இடது சக்கரத்துலருந்து ஆரம்பிச்சு வரிசையா ஏர் எடுத்தோம். "பம்ப் அடி... புடி... விடு"ன்னு அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் அதே பாட்டுதான்.

நாலாவது ஞாயிறு டெஸ்ட். ஆள் இல்லாத மேட்டு நிலத்துல செங்கல் வெச்சு 40-ல வந்து மிதிச்சோம். நின்னுது, ஆனா வால் ஒரு பக்கமா வீசிச்சு. நிறுத்தும்போது எடை முன்னாடி சாயும், பின் சக்கரம் லேசாகி முதல்ல லாக் ஆகிடும். பின் லைன்ல அழுத்தத்தைக் குறைக்கிற வால்வு ஒண்ணு போட்டு, கொஞ்சம் கொஞ்சமா திருகி சரி பண்ணோம். முன்னெல்லாம் செங்கல்லைத் தாண்டி இருபத்திரெண்டு எட்டு. கடைசியா மிதிச்சப்போ பதினைஞ்சு. நேர் கோட்டுல.

டயர் வித்த காசுல எல்லாம் முடிஞ்சு கொஞ்சம் மிச்சமும் இருந்துச்சு. அதை நாத்து நசுங்கின கழனிக்காரருக்குக் கொடுத்துட்டு வந்தார் மாமா.

இப்போ ஜீப் பழையபடி குள்ளமா நிக்குது. யாரும் படம் எடுக்கறதில்ல. பின்னாடி இன்னும் டிரம்தான், அதனால தண்ணி தாண்டினா பிரேக்கை மிதிச்சுக் காய வெச்சுட்டுதான் சரிவுல இறங்குறேன். பெரிய டயர் போடணும்னு ஆசைப்படுற நண்பர்களுக்கு ஒண்ணே ஒண்ணு. டயர் கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு காலி இடத்துல உங்க வண்டியை மிதிச்சு நிறுத்தி, எத்தனை எட்டுல நிக்குதுன்னு எண்ணிப் பாருங்க.

அந்தப் பொண்ணு இப்பவும் அதே சரிவு வழியா ஆடு ஓட்டிட்டுப் போறா. ஜீப் சத்தம் கேட்டா ஓரமா ஒதுங்கி, வண்டி முழுசா நிக்கற வரைக்கும் என்னையே பாத்துக்கிட்டு நிப்பா. நான் நிறுத்தி, ஆடெல்லாம் போனப்புறம்தான் எடுக்குறேன்.