ஐயாயிரம் ரூபாய்த் தோட்டமும் நான்கு பறைகளும்

திண்டுக்கல்–வத்தலக்குண்டு சாலையில், செம்பட்டிக்குச் சற்று முன்பு இறங்கித் தென்னந்தோப்புகளுக்கு ஊடே உள்ளே நடந்தால் அந்த ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி வரும். பள்ளியின் பெயரை எழுத வேண்டாம் என்று தலைமையாசிரியர் முதலிலேயே கேட்டுக்கொண்டார். “பேரு வந்தா பார்க்க ஆளுங்க வருவாங்க சார். ஒவ்வொருத்தரையும் கூட்டிட்டுச் சுத்திக் காட்டுனா அன்னைக்குப் பாடம் போயிரும்” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை 112 பிள்ளைகள். மூன்று பக்கம் சுற்றுச்சுவர், நான்காவது பக்கம் கிளுவை வேலி. அந்த வேலியின் கணக்கு தெரிந்தால் சின்ன மானியங்களின் கணக்கு பாதி புரிந்துவிடும். 2019-ல் மத்திய அரசு, மதிய உணவுத் திட்டத்தோடு சேர்த்துப் பள்ளிகளில் காய்கறித் தோட்டம் போட ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. பள்ளிக்கு 5,000 ரூபாய் என்று அதில் சொல்லப்பட்டிருந்தது. இங்கே அந்தத் தொகை வந்ததும் முதலில் கம்பிவேலிக்குத்தான் விலை கேட்டார்கள். மொத்தப் பணத்தையும் கொட்டினாலும் ஒரு பக்கத்துக்கே காணாது என்று தெரிந்தது. வேலி இல்லாவிட்டால் ஆடு மேய்ந்துவிடும். அப்போது ஒரு மாணவனின் தந்தை தன் காட்டு வேலியிலிருந்து கிளுவைப் போத்துகளை வெட்டி மாட்டுவண்டியில் கொண்டுவந்து இறக்கினார். மழை ஈரத்தில் ஊன்றிய போத்துகள் துளிர்த்துக்கொண்டன. வேலிக்குப் போகாமல் மிச்சமான 5,000 ரூபாயில் ரப்பர் குழாய், மண்வெட்டி, களைக்கொத்து, பூவாளி, விதை, ஒரு பெரிய பிளாஸ்டிக் டிரம் எல்லாம் வந்தன.

சுற்றிக் காட்டப் பொறுப்பெடுத்தவள் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி. தோட்டத்துக்கு எடுத்த இடத்தில் முன்பு பழைய வகுப்பறைக் கட்டடம் இருந்ததாம். இடித்த பிறகு மேலே மண் இருந்தாலும் ஒரு முழம் தோண்டினால் செங்கல்லும் காரையும்தான். முதல் தடவை போட்ட வெண்டை முழங்கால் உயரத்திலேயே பழுத்து நின்றுவிட்டது. அதன்பின் ஊர்க் கண்மாயில் வண்டல் எடுக்க அனுமதி கிடைத்தபோது, தங்கள் வயலுக்கு எடுத்தவர்களில் ஒருவர் ஒரு டிராக்டர் லோடைப் பள்ளியில் தட்டிவிட்டுப் போனார். ஆட்டுப்புழுக்கையும் சத்துணவுக் கூடத்துக் காய்த்தோலும் மக்குக் குழியிலிருந்து வந்தன. இப்போது கீரைப் பாத்தியில் கை வைத்தால் மணிக்கட்டு வரை இறங்குகிறது.

நான் நெடுநேரம் நின்ற இடம் கைகழுவும் தொட்டியின் பின்புறம். குழாய்களுக்குக் கீழே விழும் தண்ணீர் ஒரு சிமெண்டு வாய்க்காலில் ஓடிக் கூழாங்கல் போட்ட குழிக்குள் இறங்குகிறது. அதைச் சுற்றிக் கல்வாழை நட்டிருக்கிறார்கள். அங்கே சோற்றுப் பருக்கையும் கசடும் தங்கிவிட, தெளிந்த நீர் வாழைக்கும் பப்பாளிக்கும் போகிறது. “காலைச் சாப்பாடு வந்ததுக்கு அப்புறம் தண்ணி கூடிருச்சு” என்றாள் மாணவி. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 அன்று எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. அதற்குப் பிறகு ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் நாளுக்கு இரண்டு தடவை தட்டுக் கழுவுகிறார்கள். சென்னையில் போட்ட கையெழுத்தால் இந்த ஊரில் ஒரு வாழைக்கன்றுக்குக் கூடுதல் தண்ணீர் கிடைக்கிறது. எந்த அறிக்கையிலும் ஏறாத இந்தக் கணக்கை அவள் தன் கண்ணாலேயே பார்த்து வைத்திருக்கிறாள்.

அவரைப் பந்தல், கொத்தவரை, தண்டுக்கீரை, கறிவேப்பிலை, இரண்டு எலுமிச்சை, மூன்று முருங்கை. இதை வைத்து 112 பேருக்குத் தினமும் சமைக்க முடியாது. சத்துணவுச் சமையலர் அதை ஒளிக்காமல் சொன்னார்: “காய் கடையிலதான் வாங்குறோம். முருங்கைக்கீரையும் கறிவேப்பிலையும் மட்டும் வெளிய வாங்குறதில்ல.” தோட்டத்தின் பலனைச் சாம்பாரில் தேடுகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். எனக்குப் பெரிதாகப் பட்டது நான்காம் வகுப்பு அலமாரியில் இருந்த அறுவடை நோட்டு. தேதி, காய், எடை என்று மூன்று கட்டம். சத்துணவுத் தராசில்தான் நிறுக்கிறார்கள். கிலோவைக் கிராமாக்குவது, மாதச் சராசரி எடுப்பது, பட்டை வரைபடம் போடுவது எல்லாம் இந்த நோட்டிலிருந்தே நடக்கிறது. ஒரு பக்கத்தில் காய் என்ற கட்டத்தில் ‘அவரை’ என்றும் எடை என்ற கட்டத்தில் ‘ஆடு தின்றுவிட்டது’ என்றும் எழுதியிருந்தது. அன்று நுழைந்த ஆடு யாருடையது என்று வகுப்பே ஒருமித்த குரலில் சொன்னது.

இங்கிருந்து அதிக தூரமில்லை காந்திகிராமம். 1937-ல் வார்தா மாநாட்டில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியில் நம்பிக்கை வைத்து, டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் தொடங்கிய இடம் அது. கைத்தொழிலும் மண்வேலையும் கல்வியின் நடுவில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. இன்று அதே வட்டாரத்தில் ஒரு பள்ளி தன் தோட்டத்தை ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவரப் பாடுபடுகிறது. அதற்குக் கையில் இருப்பவை சில சில்லறை மானியங்கள் மட்டுமே.

அந்தச் சில்லறையை இனி எண்ணிப் பார்க்கலாம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஆண்டுதோறும் பள்ளி மானியம் உண்டு. 101 முதல் 250 பிள்ளைகள் வரை இருந்தால் 50,000 ரூபாய். 31 முதல் 100 வரை என்றால் 25,000. இங்கே 112. பன்னிரண்டு பிள்ளைகள் ஊர் மாறினால் மானியம் பாதியாகும். இந்தத் தொகையில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு தூய்மைக்கு. மின்விளக்கு, குழாய், சாக்பீஸ், பழுது எல்லாம் மீதியில்தான். சூழல் மன்றத்துக்கென்று நடுநிலைப் பள்ளிக்கு 15,000 வரை தர விதி இருக்கிறது. ஆனால் பணம் எந்த மாதத்தில் வருகிறது என்பதுதான் தலைமையாசிரியரின் கவலை. சில ஆண்டுகளில் நிதியாண்டின் கடைசியில் கணக்கில் ஏறுகிறது. மார்ச் 31-க்குள் செலவழித்துப் பயன்பாட்டுச் சான்றிதழ் தர வேண்டும். அப்போது வெயில் ஏறிவிட்டிருக்கும், பிள்ளைகள் தேர்வில் இருப்பார்கள். விதைக்க வேண்டிய ஆடியில் கையில் காசு இருக்காது. காசு வரும் பங்குனியில் விதைத்தால் முளை கருகும். அதனால் கெட்டுப்போகாத பொருளாக வாங்கி வைத்துவிடுகிறார்கள். பொருளறையில் பூவாளிகள் மட்டும் ஒரு வரிசை இருந்தன.

2024-25-ல் இதைவிடப் பெரிய தடை வந்தது. பி.எம். ஸ்ரீ பள்ளிகள் பற்றிய ஒப்பந்தத்தில் மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் ஏற்பட்ட பிணக்கில், ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாய் நின்றது. 2025-ல் மாநில அரசு உச்ச நீதிமன்றம் போனது. டெல்லியிலிருந்து தொங்கும் கயிற்றில் கட்டிய சின்னப் பணம், கயிறு மேலே இறுகும்போது கீழே வராது. உரிமையாக வர வேண்டிய அரசு நிதிக்கு ஊர்க்காசு மாற்றாகாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் அந்த ஆண்டு இந்தத் தோட்டத்தில் பாத்தி காயாமல் இருந்ததற்குத் திருப்பூர்தான் காரணம்.

இந்தப் பள்ளியில் படித்துவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். மாதம் நூறும் இருநூறுமாகப் போடுகிறார்கள். 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ நன்கொடைத் திட்டத்தின் வழியாகத் தன் பள்ளியைத் தேர்ந்து பணம் அனுப்பியவரும் அவர்களில் உண்டு. மேசை, பெஞ்சு போன்றவற்றுக்கு அந்த வழி பொருத்தம். விதை போன்ற சின்னச் செலவுகளுக்குக் குழுவின் காசுதான், கேட்ட வாரத்திலேயே வந்துவிடும்.

அவர்கள் வாங்கித் தந்ததில் நான்கு பறைகளும் உண்டு.

வெள்ளிக்கிழமை பிற்பகல் வேப்பமரத்தடியில் வைக்கோலைக் கொளுத்திப் பறை காய்ச்சிக்கொண்டிருந்தார், அதைக் கற்றுத்தரும் ஆசான். வாரநாட்களில் தேங்காய் பறிக்கும் தொழிலாளி. தோலைத் தீயருகே காட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, மறுபடி காட்டினார். சுண்டும் ஒவ்வொரு முறையும் ஓசை ஏறியது. எட்டாம் வகுப்பு அறிவியல் ஆசிரியர் ‘ஒலி’ பாடத்தை அந்த மரத்தடியிலேயே நடத்திவிடுகிறார்: தோல் இறுகினால் அதிர்வெண் கூடும், சுருதி ஏறும். வலக்கையில் தடித்த அடிக்குச்சி, இடக்கையில் மெல்லிய சிண்டுக்குச்சி. பதினாறு பிள்ளைகள் வட்டமாக நிற்க, நான்கு பேர் அடித்தார்கள், மற்றவர்கள் கைத்தட்டிலும் காலடியிலும் தாளம் பிடித்தார்கள்.

பறை இந்த முற்றத்துக்குள் எளிதாக வந்துவிடவில்லை. தொடக்கத்தில் இரண்டு பெற்றோர் வந்து, எங்கள் பிள்ளை அதைத் தொடக்கூடாது என்றார்களாம். “தொட வேண்டாம், பக்கத்துல நின்னு பார்க்கட்டும்” என்று தலைமையாசிரியர் அனுப்பி வைத்தார். அந்த இருவரில் ஒருவரின் மகன் இப்போது வட்டத்தில் இருக்கிறான். இன்னொரு பிள்ளை படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. 2025-ல் மதுரைப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அந்தச் செய்தியை வாசித்தார்கள். ஒரு சாதியின் மேல் சுமத்தப்பட்ட கருவியை, எல்லாச் சாதிப் பிள்ளைகளும் நிற்கும் அரசுப் பள்ளி முற்றத்தில் அடிப்பதைவிட முக்கியமான கலைக்கல்வி எனக்குத் தெரியவில்லை.

சட்டத்தில் கலைக்கு இடம் இருக்கிறது. 2009-ன் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலைக்கும் உடற்கல்விக்கும் தொழிற்கல்விக்கும் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2012-ல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள், வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை. சம்பளம் பிறகு ஏறி 2024-ல் 12,500 ஆனது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னையில் உட்கார்ந்து போராடிய நாட்கள் பல. இந்தப் பள்ளியில் அந்த மூன்று வகுப்புகளிலும் சேர்த்தே நாற்பதுக்குச் சற்று மேல்தான் பிள்ளைகள். அதனால் நூறு என்ற வாசலுக்குள் இவர்கள் நுழையவே முடியாது. 2022-23 முதல் நடக்கும் கலைத் திருவிழாவில் வட்டார மேடை வரை இந்தப் பிள்ளைகள் போனார்கள். மேடையைக் கொடுத்தது அரசு. மேடைக்குப் பழக்கியவருக்கு எந்தத் தலைப்பிலும் காசு இல்லை. வெள்ளிதோறும் அரைநாள் கூலியை விட்டுவிட்டு அவர் வருகிறார். திருப்பூர்க் குழு தரும் 300 ரூபாய் அந்தக் கூலியில் பாதிகூட இல்லை.

தோட்டத்திலும் இதே ஓட்டைதான். இங்கே வந்து சேர்ந்த மானியங்கள் குழாய் வாங்கின, பூவாளி வாங்கின; அந்தக் குழாயைப் பிடிக்கும் கைக்கு எதுவும் தரவில்லை. மே மாதம் பள்ளி பூட்டியிருக்கும். ஜூனில் திறக்கும்போது முருங்கையும் கறிவேப்பிலையும் நிற்கும், பாத்திகள் பிளந்து கிடக்கும். ஒவ்வோர் ஆண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறார்கள். 5,000 ரூபாயில் ஆயிரத்தை மே மாதம் தண்ணீர் ஊற்றுகிறவருக்குக் கூலி என்று எழுத இடம் கொடுத்தால், மீதி நாலாயிரம் வீணாகாது. மானியம் வகுக்கிறவர்கள் முதலில் திருத்த வேண்டியது இதைத்தான்.

மூன்று மணிக்குப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். மாதத்தின் முதல் வெள்ளி. அதோடு ஆடி வெள்ளியும்கூட என்பதால் அம்மன் கோவிலில் கூழ் ஊற்றிவிட்டுத் தாய்மார்கள் சற்றுத் தாமதமாக வந்தார்கள். சட்டப்படி குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். தலைவியும் ஒரு தாய்தான், நூறு நாள் வேலைக்குப் போகிறவர். தீர்மான நோட்டைத் தலைமையாசிரியர் விரித்தார்.

முதல் தீர்மானம் விதைக்கானது. இனி ஆண்டுதோறும் திருப்பூர்க் காசில் இரண்டாயிரத்தை ஆனிக்குள் தனியாக எடுத்துவைப்பது, மார்ச் பணத்துக்குக் காத்திருப்பதில்லை. உடனே ஒப்புக்கொண்டார்கள். இரண்டாவது, ஆசானுக்கு 300-ஐ 500 ஆக்குவது. ஓரமாக நின்றிருந்த ஆசான் குறுக்கிட்டார்: “எனக்கு ஏத்த வேண்டாம்மா. ரெண்டு பறை கூட வாங்குங்க. பதினாறு பிள்ளைக்கு நாலு பறைன்னா கைத்தட்டியே வருசம் ஓடிரும்.”

“பறையும் வாங்குவோம், ஏத்தவும் ஏத்துவோம். நீங்க மரம் ஏறாம இங்க வர்றீங்க, அதுக்குக் கூலி இல்லைன்னா எப்படி? ரெண்டையும் எழுதுங்க டீச்சர்” என்றார் தலைவி.

மூன்றாவது, மே மாதத் தண்ணீர். எதிர்வீட்டுப் பாட்டிக்கு வாரக்கூலி கொடுத்துச் சாவியைத் தரலாம் என்றார் ஒருவர். பள்ளிச் சாவியை வெளியாளிடம் தர விதி இடம் கொடுக்குமா என்று தலைமையாசிரியர் தயங்கினார். சாவியே வேண்டாம், கிளுவை வேலியில் ஒரு படல் வைத்து அந்த வழியாகப் போகட்டும் என்றார் போத்து கொண்டுவந்த அதே தந்தை. படல் வைத்தால் ஆடு வந்துவிடும் என்று எதிர்ப்பு எழுந்தது. நேரமாகிவிட்டதால் அதை மட்டும் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி, நோட்டில் ‘நிலுவை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.