நட்சத்திரக் குறி

மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு மண்டி வைத்திருக்கும் என் அக்கா மகன் போனில் கூப்பிட்டான். 'மாமா, மண்டிக்காரங்க நாப்பது பேர் சேர்ந்து வெப்சைட் போட்டிருக்கோம். கடைக்குக் கடை தனி முகவரி கேக்கறாங்க. நாப்பதையும் கையில செய்யோணுங்களா?'

வேண்டாம். இணைய முகவரியில் முதல் புள்ளிக்கு முன்னால் ஒரு பெயர் சேர்த்தால் அது சப்-டொமைன். கன்ட்ரோல் பேனலில் பெயர் கேட்கும் இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு, ஒரு ஃபோல்டரைக் காட்டிவிட்டால் போதும். 'யார் பெயரைச் சொல்லி வந்தாலும் இங்கே அனுப்பு' என்று அர்த்தம். சீட்டாட்ட ஜோக்கர் மாதிரி. வைல்ட்கார்டு என்று பெயர் வந்ததே அங்கிருந்துதான்.

ஷேர்டு ஹோஸ்டிங் என்பது ஒண்டுக் குடித்தனம். ஒரே ஐ.பி. எண்ணில் நூற்றுக்கணக்கான தளங்கள் இருக்கும். பிரவுசர் கேட்கும் பெயரை வைத்துத்தான் சர்வர் ஆளைப் பிரிக்கிறது. அதனால் டி.என்.எஸ்.ஸிலும் நட்சத்திரம் வேண்டும், சர்வரிலும் வேண்டும். சில கம்பெனிகள் இதற்கு அனுமதிப்பதில்லை. முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

அரை மணியில் முடிந்தது. வந்த பெயரைத் தலைப்பில் போட்டு, கீழே அன்றைய விலையைக் காட்டும் சின்ன புரோகிராமையும் நானே எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் மறுபடி போன். குரலில் சுரத்தில்லை. ஊட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர், போன வருஷம் மூடிவிட்ட ஒரு கடையின் பெயரை அடித்துப் பார்த்திருக்கிறார். பக்கம் ஜம்மென்று திறந்திருக்கிறது. கடை மறுபடி நடக்கிறது என்று நம்பி அறுபது மூட்டை ஏற்றி அனுப்பிவிட்டார். விடியற்காலை வந்த லாரி, பூட்டிய ஷட்டருக்கு முன்னால் நின்றது. ஏலம் முடிந்தபின் கிடைத்த விலைக்குத் தள்ளவேண்டியதாயிற்று. தப்பு என்னுடையது.

பெரியவர்களும் இப்படிச் சறுக்கியிருக்கிறார்கள். டாட் காம், டாட் நெட்டை நிர்வகிக்கும் வெரிசைன், 2003 செப்டம்பரில் இரண்டுக்கும் நட்சத்திரம் போட்டது. யாரும் பதிவு செய்யாத பெயரை அடித்தாலும் அவர்கள் பக்கம் வந்தது. அனுப்பியவரின் டொமைன் நிஜமா என்று பார்த்து ஸ்பாம் பிடிக்கும் ஏற்பாடுகள் குழம்பின. ஐகான் அமைப்பு கண்டித்ததும் அக்டோபர் 4-ம் தேதி நிறுத்தினார்கள்.

நானும் திருத்தினேன். நட்சத்திரம் அப்படியே இருக்கிறது. ஆனால் வருகிற பெயர் நாற்பதில் ஒன்றா என்று முதலில் பார்க்கும். இல்லாவிட்டால், 'அப்படி ஒரு கடை இங்க இல்லீங்க' என்று மட்டும் வரும்.

அந்த 'ங்க' போடச் சொன்னது மாப்பிள்ளைதான். விவசாயிக்கு நஷ்டமானதை என் கணக்கில் அனுப்பச் சொன்னதும் அவனேதான்!